ருக்மணியக்கா வரையாமல் விட்ட வழி

செவ்வாய்க்கிழமை காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். திருவேற்காட்டுத் தனகோட்டி கீரைக் கூடையோடு வந்து நின்றாள். அவள் எங்கள் தெருவுக்குள் நுழைவதற்கு முன்னாலேயே அவள் சத்தம் நுழைந்துவிடும். அன்றைக்குச் சத்தமே இல்லை. கூடையைத் தலையிலிருந்து இறக்கவும் இல்லை.

“லோகா, மேப்பக்கா செத்துப் பூட்டாங்கடி. நாலு நாள் ஆச்சாம். காட்டுப்பாக்கத்துல.”

“காட்டுப்பாக்கத்துல அவங்களுக்கு இன்னா வேல?”

“இன்னா வேலயா? அவங்க ஊடே அங்கதானாம். எனக்கே இன்னிக்கு மார்க்கெட்ல சொல்லித்தான் தெரியும்.”

மாடு தண்ணீரைக் குடித்துவிட்டுத் தானாகப் போய்விட்டது. நான் வாளியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். ஐயப்பன்தாங்கலில் இருக்கிறேன் நான். காட்டுப்பாக்கம் அரை மணி நடை. மேப்பக்கா என்று நாங்கள் கூப்பிட்ட ருக்மணியக்காவின் வீடு போரூரில் இருக்கிறது என்றே இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பூந்தமல்லிப் பார்க்கில் அக்காவிடம் பழகிய பெண்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மாதர் சங்கத்துக்காரர்கள்தான் தங்கள் புத்தகத்தில் அக்காவைப் பற்றி நாலு வார்த்தை எழுதிக் கொடு என்று என்னைக் கேட்டார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் அவர்கள் திருத்திப் போடுவதாகச் சொன்னார்கள். நல்லதாக எழுது என்றும் சொன்னார்கள். அக்காவைப் பற்றி எழுத எனக்கு நல்லதுதான் இருக்கிறது. என்னைப் பற்றித்தான் இல்லை. அவள் என் வீட்டு வாசல் வரை எத்தனையோ தடவை வந்திருக்கிறாள். உன் வீடு எங்கே அக்கா என்று நான் ஒரு தடவை கேட்டதில்லை. இதை எழுதாமல் மற்றதை எழுதினால் அது பொய்யாகிவிடும்.

பட்டணத்தின் மேல் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஜனங்கள் வண்டி வண்டியாக நம் பக்கம் வந்து இறங்கிய காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆபத்து என்றால் வீடு வீடாகச் சேதி கொண்டுபோகப் பெண்கள் வேண்டும், ஊர் தெரியாத இடத்திலும் போய்ச் சேரத் தெரிய வேண்டும் என்று தாலுகா ஆபீஸிலிருந்து ஆள் வந்து பெயர் எழுதினார்கள். என் வீட்டுக்காரர் ஆவடியில் பட்டாளத்துக் கட்டட வேலையில் இருந்தார். பதினைந்து நாளைக்கு ஒரு தடவைதான் வருவார். வீட்டில் நானும் மாமியாரும். நாட்டுக்காகப் பெயர் கொடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். வாய் திறந்து பேச ஆள் இல்லை. அதனால் கொடுத்தேன்.

சொல்லிக் கொடுக்க வந்தவள்தான் ருக்மணியக்கா. பெண்கள் பள்ளியில் தையல் சொல்லிக் கொடுக்கிற வேலை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். அவள் வீட்டுக்காரர் சர்வே ஆபீஸில் படம் வரைகிறவர், எங்கோ காட்டில் அளக்கப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு போய்விட்டார். அவர் வைத்திருந்த தகரப் பெட்டியில் இரண்டு திசைமுள் டப்பாக்களும் வரைகிற பேனாக்களும் இருந்தன. அதைக்கொண்டு அவளாகவே கற்றுக்கொண்டது இந்த வித்தை. எந்நேரமும் கக்கத்தில் மேப்பைச் சுருட்டி வைத்திருந்ததால் தனகோட்டி வைத்த பெயர் மேப்பக்கா.

முதல் சனிக்கிழமை பன்னிரண்டு பேர் போனோம். பார்க்கில் மண்ணைப் பெருக்கி எங்களை உட்கார வைத்தாள். ஆளுக்கு ஒரு குச்சி கொடுத்தாள்.

“மொதல்ல அவங்கவங்க ஊட்டு அடுப்பங்கரைய வரைங்க.”

ஒருத்தியும் குச்சியைத் தரையில் வைக்கவில்லை. தனகோட்டிதான் வாயைத் திறந்தாள். “யக்கா, என் அடுப்பங்கரையில வரைய இன்னா கீது? அடுப்பு ஒண்ணு, மாமியா ஒண்ணு. ரெண்டும் எந்நேரமும் பொகையும்.”

“அப்ப மாமியாவையும் வரை. எங்க குந்தினு இருப்பாங்கன்னு தெரிஞ்சாத்தானே இடிச்சிக்காம போவ?”

சிரித்துக்கொண்டே எல்லாரும் வரைந்துவிட்டோம். பிறகு எங்களை எழுந்து எதிர்ப்பக்கம் போய் நிற்கச் சொன்னாள். அங்கிருந்து பார்த்தால் அடுப்பு இருந்த இடத்தில் வாசல் இருந்தது. எல்லாம் தலைகீழ். குழம்பிப்போய் நின்றோம். அப்போது அக்கா ஒரு கடுதாசியைக் கையில் எடுத்துக் காட்டினாள். அது பார்க்கின் படம். வட்டம் என்றால் மரம், கட்டம் என்றால் கிணறு, இரட்டைக் கோடு பாதை. “படத்த திருப்புங்க. நெலம் திரும்பாது” என்றாள். எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோமோ அந்தப் பக்கத்துக்குப் படத்தைத் திருப்பிப் பிடித்தால் படத்துக் கிணறும் கண்ணெதிரே இருக்கிற கிணறும் ஒரே பக்கம் வந்துவிடும். இதுதான் அவளுடைய முதல் பாடம். இதற்கே மூன்று சனிக்கிழமை ஆனது.

நாலாவது வாரம் எங்களைப் பார்க்கின் மரங்களுக்குள்ளே அனுப்பினாள். பார்க்கில் எட்டு இடத்தில் பழைய சிவப்புப் புடவைக் கிழிசலைக் கட்டியிருந்தாள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு கொட்டாங்கச்சி. ஒன்றில் புளியங்கொட்டை, ஒன்றில் ஆமணக்கு, ஒன்றில் வேப்பங்கொட்டை, இப்படி எட்டும் எட்டு விதம். படத்தில் இருக்கிற வரிசைப்படி போய் ஒவ்வொன்றிலும் ஒரு விதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வர வேண்டும். முடிச்சை அவிழ்த்துப் பார்த்தே யார் எங்கே போனார்கள், எதை விட்டார்கள் என்று சொல்லிவிடுவாள். படிக்கத் தெரியாதவளும் செய்யலாம். ஏமாற்ற முடியாது.

நாங்கள் ஜோடி ஜோடியாகப் போகிறோம் என்றோம். பேசிக்கொண்டே போனால் எண்ணிக்கை விட்டுப்போகும், ஒவ்வொருத்தியாகத்தான் போக வேண்டும் என்றாள். ஒருத்தி அழவே ஆரம்பித்தாள். அக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. “தனியா போறது வேற, காணாம போறது வேறம்மா. நீ தனியாத்தான் போற.”

நான் போனபோது மாமரத்துக்குப் பின்னால் திரும்பியதும் பேச்சுச் சத்தம் நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து நான் தனியாக இருந்ததில்லை. தனியாக இருப்பது போல் இருந்திருக்கிறேன், அது வேறு. என்னைச் சுற்றி ஒருவரும் இல்லாமல், நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்கு மட்டும் தெரிந்திருந்த முதல் நேரம் அது. கொஞ்ச நேரம் விதையை எடுக்காமல் அப்படியே நின்றேன்.

ஒரு தடவை ஆபீஸிலிருந்து கால்சட்டைக்காரர் ஒருவர் மேற்பார்வைக்கு வந்தார். அக்கா சொல்ல வந்ததைக் கேட்காமல் படத்தை வாங்கிக்கொண்டு அவரே உள்ளே போனார். ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்குக்குப் பின்னால் வண்ணான் துறைப் பக்கமாக முள் கீறிக்கொண்டு வெளியே வந்தார். தனகோட்டி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அவர் போன பிறகு அக்கா எங்களைத்தான் திட்டினாள். “சிரிக்காதீங்கடி. வழி தப்பினதுல தப்பில்ல. கேக்கல, அவ்ளோதான்.” அன்றைக்கு அது அவருக்குச் சொன்னது என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் திசைமுள்ளைக் கையில் கொடுத்தாள். சின்ன டப்பா, கண்ணாடிக்குக் கீழே முள் ஆடும். அது எப்போதும் வடக்கைக் காட்டும், அதை வைத்துத் திசை பிடித்து நேராகப் போனால் மரத்துக்குப் போய்ச் சேரலாம். எல்லாரும் போய் வந்தார்கள். நான் போனேன். கிழக்கே அரசமரத்தடிக்குப் போக வேண்டியவள், தெற்கே புளியந்தோப்புச் சுவரில் போய் முட்டி நின்றேன். திரும்பி வந்து மறுபடியும் போனேன். மறுபடியும் சுவர்.

“இன்னாடி லோகா, செவுத்துல ஒன் மச்சான் குந்தினு கீறாரா?” என்று தனகோட்டி கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கா இன்னொரு டப்பாவை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். அவள் எட்டி நின்றபோது அவள் கை முள் சும்மா இருந்தது. என் இடுப்புக்குப் பக்கத்தில் வரவர அது சாய்ந்து என்னையே காட்டியது. அக்கா முள்ளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி என்னை மறைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

“மடியில இரும்பு வச்சினு கீறியா?”

இருந்தது. உடைந்த அரிவாள் மூக்கு, உள்ளங்கை அளவு. என் மாமியார் துணியில் சுற்றிக் கொசுவத்தில் செருகி விட்டிருந்தார். பிள்ளைத்தாச்சி உச்சி வேளையில் மரத்தடிப் பக்கம் போகும்போது மடியில் இரும்பு இருந்தால் காத்துக் கருப்பு அண்டாது என்பது உங்களுக்கும் தெரியும். எனக்கு இதற்கு முன்னால் இரண்டு பிறந்து இரண்டும் தங்கவில்லை. இரண்டு தடவையும் புளியமரச் சாலையில் நடந்ததால்தான் அப்படி ஆனது என்று என் மாமியார் நம்பினார். நானும் நம்பினேன். அதனால் இந்தத் தடவை ஆறு மாதம் வரை யாரிடமும் சொல்லக்கூடாது என்று வைத்திருந்தோம்.

“எத்தினி மாசம்?”

“நாலு.”

அக்கா திரும்பி எல்லாரையும் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். “டப்பா கெட்டுப் போச்சுடி. லோகா மேல தப்பில்ல. ரெண்டும் ரிப்பேரு. இனிமே முள்ளு கெடையாது, சூரியனப் பாத்துத்தான் போவணும்.”

இரண்டு டப்பாவும் நன்றாகத்தான் இருந்தன. அது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். அதற்குப் பிறகு ஐந்து மாதம் அவள் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை. நிழலைப் பார்த்துத் திசை பிடிக்கவும், அடியை எண்ணித் தூரம் பிடிக்கவும் நீங்கள் எல்லாரும் கற்றுக்கொண்டது என் மடியில் இருந்த இரும்பினால்தான். இன்றைக்குத்தான் உங்களுக்கு இதைச் சொல்கிறேன். அதைத் தூக்கி எறி என்று அவள் என்னிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அன்றையிலிருந்து சனிக்கிழமை முடிந்ததும் என்னோடு நடந்து வர ஆரம்பித்தாள். “எனக்கு போரூர்ல வேல கீது, வா” என்பாள். பூந்தமல்லி ரோட்டில் புளியமரம்தான் வரிசையாக. என் கால் தயங்குவதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் ஏரிக்கரைப் பக்கம் இறங்கினாள். வரப்பு மேலே நடந்து, செங்கல் சூளைக்குப் பின்னால் சுற்றி, ஒரு புளியமரத்தின் கீழும் போகாமல் என் வீட்டுக்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். நாலு சனிக்கிழமை நடந்து அதைப் படமாக வரைந்து கொடுத்தாள். வீட்டிலிருந்து பூந்தமல்லி ஆஸ்பத்திரி வரைக்கும். வலி வந்தால் நீயாகவே போக வேண்டியிருக்கும், மாமியார் கழனியில் இருப்பார், வீட்டுக்காரர் ஆவடியில் இருப்பார் என்றாள்.

“அக்கா, பேயி பிசாசெல்லாம் நீ நம்புறியா?” என்று கேட்டேன்.

“நான் நம்புறது இருக்கட்டும். பயந்துகினு போனா கால் ஓடும், எண்ணிக்கை தப்பும். அத்தொட்டு சுத்திப் போ. சுத்திப் போனாலும் போய்ச் சேரணும், அதான்டி கணக்கு.”

இத்தனையும் பேசினோமே. என் இரண்டு பிள்ளைகளைப் பற்றி, மாமியாரைப் பற்றி, பிறக்கப் போகிறதைப் பற்றி. வழியெல்லாம் நான்தான் பேசினேன். அவள் சாயந்திரம் என்ன சாப்பிடுகிறாள், விளக்கேற்றி வைத்தால் எதிரே யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்டேனா? இல்லை. என் வீட்டு வாசலில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போரூர் பக்கம் திரும்பி நடப்பாள். நான் உள்ளே போய்விடுவேன்.

அவள் சொன்னபடியே ஆயிற்று. வெயில் ஏறுகிற நேரத்தில் வலி எடுத்தது. மாமியார் நடவுக்குப் போயிருந்தார். நான் கதவைச் சாத்திக்கொண்டு வரப்பு வழியாக நடந்தேன். வலி வரும்போது உட்காருவேன், விட்டதும் விட்ட எண்ணிலிருந்து எண்ணுவேன். சூளை தாண்டியதும் செங்கல் வண்டிக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு ஏற்றிக்கொண்டு போனார். பெண் குழந்தை. தங்கியது. இப்போது வாசலில் மண்ணைக் கொட்டி விளையாடிக்கொண்டிருக்கிறது.

மூன்றாம் நாள் அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். குழந்தையைத் தூக்கவில்லை. விரலை மட்டும் நீட்டினாள், அது பிடித்துக்கொண்டது. “எந்தப் பக்கமா வந்த?” என்று கேட்டாள். அவள் வரைந்த வழியில்தான் வந்தேன் என்றேன். அவள் முகத்தில் அன்றைக்கு இருந்ததை எனக்கு எழுதத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நான் பார்க்குக்குப் போகவில்லை. கைக்குழந்தை, மாமியாருக்கு முடக்குவாதம், வீட்டுக்காரர் வேலை முடிந்து திரும்பி வந்தார். காரணம் சொல்ல எனக்கு ஒன்றும் குறையில்லை. நீங்களும் ஒவ்வொருவராக நின்றுவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். குண்டு விழவில்லை, சண்டை முடிந்தது, சேதி கொண்டுபோக ஆள் தேவைப்படவில்லை. கடைசிச் சனிக்கிழமைகளில் அக்கா மட்டும் வந்து சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுப் பதினோரு மணி வரைக்கும் பார்த்துவிட்டு அவிழ்த்துக்கொண்டு போவாளாம். தனகோட்டி கீரை விற்கப் போகும்போது வேலிக்கு வெளியே இருந்து பார்த்திருக்கிறாள். நான் நேரம் கிடைக்கும்போது போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். போரூர் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேனா, எதிர்ப்பக்கம், அப்புறம் போகலாம் என்று.

சேதி கேட்ட அன்றைக்கே கிளம்பினேன். “செவ்வாக்கெழம எழவு ஊட்டுக்குப் போவாதடி” என்று படுத்த இடத்திலிருந்தே மாமியார் சொன்னார். போனேன். புளியமர ரோட்டிலேயே போனேன்.

காட்டுப்பாக்கத்தில் ரோட்டை விட்டு இறங்குகிற இடம் வந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. நானும் அக்காவும் நடந்துவந்த நாட்களில் வரப்பு அந்த இடத்தில்தான் ரோட்டைத் தொடும். அங்கே வந்ததும் அவள் எப்போதும் நின்று, செருப்பைக் கழற்றி மண்ணை உதறுவாள். பிறகு “வா” என்று என்னோடு நடப்பாள். பூந்தமல்லியிலிருந்து வந்தால் முதலில் காட்டுப்பாக்கம், அப்புறம்தான் ஐயப்பன்தாங்கல். ஒவ்வொரு சனிக்கிழமையும் தன் வீட்டைத் தாண்டி என் வீடு வரைக்கும் வந்துவிட்டு, நான் உள்ளே போனதும் திரும்பி நடந்து போயிருக்கிறாள். போரூரில் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை.

கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். அக்காவுக்கு அறையை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்கார அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீ அவங்களுக்கு இன்னா வோணும்?”

என்ன சொல்வது? “ஒண்ணுமில்லம்மா. பார்க்குல பழக்கம்.”

“மேப்பு போடுற பொண்ணுங்களா? ஒங்கள பத்திதான் பேசினு இருப்பாங்க. எட்டு நாள் ஜொரம். யாருக்கும்மா சொல்லி அனுப்பறதுன்னு கேட்டேன். பொண்ணுங்களுக்கு சொல்லட்டுமான்னு கேட்டேன். வாணாம்மா, அவங்களுக்கு இந்த வழி தெரியாது, கொழந்தய தூக்கினு வெயில்ல அலைவாங்கன்னு சொல்ட்டாங்க.”

அந்த அறையைத் திறந்து காட்டினார். அக்காவின் கொழுந்தன் வந்து தகரப் பெட்டியை எடுத்துப் போய்விட்டாராம். சுவரில் ஒரு பெரிய படம் மட்டும் ஒட்டியிருந்தது. திருவேற்காடு, பூந்தமல்லி, ஐயப்பன்தாங்கல் எல்லாம் அதில் இருந்தன. நம் பன்னிரண்டு பேர் வீடும் கட்டம் கட்டமாக இருந்தது. தனகோட்டி வீட்டுக்குப் பக்கத்தில் கிணறு. என் வீட்டுக்குப் பக்கத்தில் மாட்டுக் கொட்டகை. காட்டுப்பாக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ரோடு மட்டும் போனது. பக்கத்தில் ஒன்றும் இல்லை, வெறும் கடுதாசி.

“இதுல எங்க ஊடு எங்க கீது?” என்று அந்த அம்மாள் கேட்டார். ரோட்டோரத்து வெறும் கடுதாசியில் விரலை வைத்துக் காட்டினேன்.

படம் சுவரோடு ஒட்டிப்போயிருந்தது. எடுத்தால் கிழிந்துவிடும் என்று விட்டுவிட்டேன். அக்காவிடமிருந்து நான் கொண்டுவந்த பொருள் ஒன்றும் இல்லை. எனக்கு மிஞ்சியது ஒரு வழிதான். அதை உங்களுக்கும் எழுதி வைக்கிறேன், உங்களுக்கும் தெரியாது என்பதால்.

ஐயப்பன்தாங்கலிலிருந்து பூந்தமல்லி ரோட்டில் மேற்கே வாருங்கள். காட்டுப்பாக்கத்தில் வரப்பு ரோட்டைத் தொடுகிற இடத்தில் நில்லுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு சந்து இறங்கும். இரண்டு பனைமரம், அதைத் தாண்டிக் கல் உரல், மூன்றாவது வீடு. வீட்டைச் சுற்றிப் பின்னால் போனால் ஓலைத் தட்டி வைத்த அறை. நேற்றும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பூட்டியிருக்கிறது.